இல்லாத கோடு தெரிவது எப்படி?

உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டா சின்னத்தில் தலையின் உச்சிக்கும் முதுகுக்கும் கோடே கிடையாது. காது, கண், கால் என்று சில கறுப்புத் திட்டுகள்தான். ஆனாலும் முழு விலங்கும் தெரிகிறதே, எப்படி?

1955இல் இத்தாலிய உளவியலாளர் கயெத்தானோ கனிட்சா ஒரு படம் வெளியிட்டார். மூன்று கறுப்பு வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டப்பட்டு, வெட்டுவாய் உள்நோக்கி இருக்கும். நடுவே பளிச்சென்று வெள்ளை முக்கோணம்! தாளில் அது இல்லை. விளிம்பை மூளைதான் இட்டு நிரப்புகிறது. 1984இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது: குரங்குகளின் பார்வைப் புறணியில் சில நரம்பணுக்கள், இல்லாத கோட்டுக்கும் துடித்தன.

புதருக்குப் பின்னால் பாதி மறைந்த விலங்கை முழுதாக உணர்த்துவதும் இத்தகைய நிரப்பல்தான்.

1961இல் பாண்டாவை வரைந்த பீட்டர் ஸ்காட், அச்சுச் செலவையும் கருதியே கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தார். பின்னாளில் அந்தப் படம் மேலும் எளிமையானது.