ஆறாத வாய்ப்புண்: எங்கிருந்து எடுக்க வேண்டும் சதை?

வாயில் புண் வந்தால் மணத்தக்காளிக் கீரை, அதற்கும் அடங்காவிட்டால் மெடிக்கலில் பி காம்ப்ளெக்ஸ். சாதாரணப் புண் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். ஆறாமல் ஈறு, அண்ணம், கன்னத்தின் உட்புறம் என்று பரவி, ரசம் சாதம் பட்டாலே உயிர்போகிறதா? 'பெம்ஃபிகஸ் வல்காரிஸ்' நோயாகவும் இருக்கலாம். பெரும்பாலோருக்கு இது வாயில்தான் தொடங்குகிறது. உடம்பில் கொப்புளம் கிளம்ப மாதக்கணக்கில் ஆகலாம். அந்த மாதங்களெல்லாம் வைட்டமின் மாத்திரையிலும் பூஞ்சை மருந்திலும் வீணாவதுதான் கொடுமை.

நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள், செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் 'டெஸ்மோகிளீன்' புரதத்தையே தாக்குகின்றன. பிடிப்பு விட்ட இடத்தில் நீர் கோத்துக் கொப்புளம் ஆகிறது. மேலே இருப்பது மெல்லிய சவ்வு; சோற்றுப் பருக்கை உரசினாலே கிழிந்துவிடும். ஆகவே வாய்க்குள் கொப்புளம் கண்ணில் படுவதே அரிது, தோலுரிந்த ரணம்தான் தெரியும். இந்த நோய் யாருக்கும் ஒட்டாது.

நோயை உறுதிசெய்வது பயாப்சி. கோட்டைவிடுவதும் இங்கேதான். ரணத்தின் நடுவில் மேல்திசுவே மிஞ்சியிருக்காது. அங்கே சதை எடுத்தால் வெறும் 'அழற்சி' என்றுதான் ரிப்போர்ட் வரும். புதுக் கொப்புளத்திலோ புண்ணின் விளிம்பிலோ ஒரு துண்டு எடுத்து ஃபார்மலினில் போட வேண்டும். பக்கத்திலேயே, பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்தில் இன்னொரு துண்டு. இதை ஃபார்மலினில் போட்டால் சோதனை கெட்டது. 'மிஷெல்' திரவத்தில் அனுப்ப வேண்டும். ஒளிரும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் 'இம்யூனோஃபுளோரசன்ஸ்' சோதனையில், பெம்ஃபிகஸ் என்றால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் மீன்வலை போலப் பச்சை ஒளி. முதியவர்களுக்கு அதிகம் வரும் 'புல்லஸ் பெம்ஃபிகாய்டு' நோயில் அதே ஒளி மேல்தோலின் அடியில் ஒற்றைக் கோடாக ஓடும். அமெரிக்காவில் பியூட்னரும் ஜோர்டனும் 1964-ல் நோயாளிகளின் ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். இன்று எலைசா ரத்தப் பரிசோதனையில் அதன் அளவே தெரிந்துவிடுகிறது.

ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்த நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இன்று நிலைமை வேறு. டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா 1980-களில் கொண்டுவந்த 'பல்ஸ்' சிகிச்சை நம் நாட்டில் பலரைக் காப்பாற்றியது. இப்போது ரிட்டுக்ஸிமாப் ஊசியும் இருக்கிறது. இத்தனை மருந்து இருந்தும் நோயைக் கண்டுபிடிக்கத் தாமதித்து ஒருவர் துடிப்பதை ஏற்க முடியாது.

இரண்டு வாரம் தாண்டிய வாய்ப்புண்ணைப் பல் மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ காட்டுங்கள். புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யவும் அது அவசியம். பெம்ஃபிகஸ் சந்தேகத்தில் பயாப்சி எடுக்கச் சொன்னால், "இம்யூனோஃபுளோரசன்ஸுக்கும் தனியாக ஒரு துண்டு எடுப்பீர்களா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.