ரூட்டர்களுக்கு அப்பால் ஓர் உள்வலை

கேரள அரசின் மாநிலப் பரப்பு வலையமைப்பு திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோடு ஆகிய நகரங்களை மையமாகக் கொண்டு 14 மாவட்டங்களை இணைக்குமாறு அமைக்கப்பட்டது. சுமார் 30,000 அரசு அலுவலகங்களை இலக்காகக் கொண்ட கே-ஃபோன் கண்ணாடியிழைத் திட்டம் 2023 ஜூன் 5-இல் தொடங்கப்பெற்றது. இந்நிலையில் ஒரு வினா எழுகின்றது. திருவனந்தபுரத்தில் ஒரு துறையின் தலைமையகமும் கோழிக்கோட்டில் அதன் கிளையும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டின் கணிப்பொறிகளும் ஒரே அறையில் இருப்பனபோல் ஒரே மெய்நிகர் உள்வலையில் இயங்க இயலுமா?

உள்வலையைக் குறிக்கும் எண் 12 பிட் கொண்டது; பயன்படுத்தத்தக்க எண்கள் 4,094. ரூட்டரோ ஐ.பி. முகவரியைக் கொண்டே வழிகாட்டுவது. உள்வலை எண்ணைக் களைந்துவிட்டே தகவலை அப்பால் அனுப்பும். எனவே இரு முனைகளிலும் ஒரே எண்ணை இட்டுவிட்டால் போதும் என்பது தவறான எண்ணமாகும். ஓர் அஞ்சலுறையை மற்றோர் உறைக்குள் இடுவதுபோல, தகவற் பொதி முழுவதையும் வேறோர் ஐ.பி. பொதியினுள் வைத்து அனுப்புதல் வேண்டும். 2014-இல் வரையறை வெளியான வி.எக்ஸ்.லேன் முறை இதனையே செய்கின்றது. அதன் எண் 24 பிட் ஆதலின் 1 கோடியே 67 லட்சம் உள்வலைகளை வேறுபடுத்தலாம்.

வெளியுறையால் 50 பைட் கூடுகின்றது. இடைவழி 1,500 பைட்டுக்குமேல் ஏற்காவிடில், சிறு சோதனைச் செய்திகள் செல்லும். பெரிய கோப்புகள் நின்றுவிடும். களப்பணியாளரை மிகவும் அலைக்கழிக்கும் கோளாறு இது.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. கிளையில் யாரேனும் ஒரு கம்பியின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டால், எழும் செய்திப்பெருக்கு தலைமையகத்தையும் முடக்கக்கூடும். சாதாரண ரூட்டர் அதனைத் தன் வாயிலிலேயே தடுத்திருக்கும். பெரும்பாலான அலுவலகங்களுக்குத் தனித்தனி உள்வலைகளும் அவற்றிடையே வழிகாட்டுதலும் போதுமானவை. முகவரி மாறாமல் ஒரு சர்வரை இடம்பெயர்க்க வேண்டியபோதே நீட்டிப்பு தேவைப்படுகின்றது.