குளத்து மீனுக்கு ஏற்ற தூண்டில் இரை

வயலுக்கு நீர் தரும் குளம் கமக்காரரின் கறிச்சட்டிக்கு மீனும் தருகின்றது. ஆயினும் ஒரே கரையில் இருவர் தூண்டிலிட, ஒருவர் கூடை நிறைய மீனுடனும் மற்றவர் வெறுங்கையுடனும் திரும்புவதைக் காண்கின்றோம். இதற்கு அதிர்ஷ்டத்தைக் காரணமாகக் கூறுவர். பெரும்பாலும் இரையே காரணமாகும்.

மீனின் உணவை அறிதல்

1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, பாசி, மக்கிய தாவரப் பொருள், சிறு புழு முதலியவற்றை உண்பது. கெண்டை சிறிய வாயையுடையது. கெளுத்தி நீரின் அடியிலே மணத்தைக் கொண்டு இரை தேடும். இரவில் கூடுதலாக மேயும். விரால் ஊனுண்ணி, அசையும் தவளையையும் சிறு மீனையும் பாய்ந்து பிடிக்கும். ஆகவே, எல்லா மீனுக்கும் ஒரே இரை பொருந்தாது.

இயற்கை இரைகள்

மண்புழு பலவகை மீன்களும் விரும்பும் இரையாகும். சிறு வாயுள்ள மீனுக்கு முழுப்புழுவைக் கோத்தல் வீண். மீன் நுனியைக் கடித்துச் சென்றுவிடும். கொளுக்கி மறையுமளவுக்குச் சிறு துண்டே போதும். புழுக்களை ஈரமண் இட்ட சட்டியில், ஈரச்சாக்கினால் மூடி நிழலில் வைத்தால் சில நாட்கள் உயிருடன் இருக்கும்.

திலாப்பியாவுக்கும் கெண்டைக்கும் கோதுமை மாவைக் கையில் ஒட்டாத பதமாகப் பிசைந்து, பயறளவில் உருட்டி இடலாம். மாவுடன் சிறிது பஞ்சைச் சேர்த்துப் பிசைந்தால் நீரில் விரைவிற் கரையாது. கெளுத்திக்கு இறால் துண்டு நன்று. விராலுக்கு வெட்டுக்கிளியும் ஏற்றது.

கொளுக்கியின் இலக்கம் கூடக்கூட அதன் பருமன் குறையும் என்பதையும் நினைவிற் கொள்க. சிறு மீனுக்கு 10 அல்லது 12ஆம் இலக்கக் கொளுக்கி பொருந்தும்.

செயற்கை இரைகள்

மின்னும் தகடு, இறகு கட்டிய கொளுக்கி, இறப்பர்த் தவளை ஆகியவை மணத்தால் அன்றி, அசைவாலும் ஒளியாலும் மீனை ஏமாற்றுவன. ஆதலின் இவற்றை இழுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். விராலுக்கு இவை மிகப் பொருத்தமானவை. கலங்கிய நீரில் தகடு கண்ணுக்குத் தோன்றாது. அப்போது புழுவே மேலானது. செயற்கை இரைக்கு முதலிற் பணம் செலவானாலும், அது பலநாள் உழைக்கும்.

கவனிக்க வேண்டியவை

1. புழுவுக்காகக் குளக்கட்டையோ வரம்பையோ தோண்டாதீர்கள். சிறு துளையும் நீர்க்கசிவுக்கு வழியாகும். எருக்குவியலின் ஓரத்திலே புழு ஏராளம்.

2. பூச்சிகொல்லி தெளித்த வயலில் இரை எடுத்தலும், அதன் வடிகாலில் மீன் பிடித்தலும் ஆகாது.

3. கையிலோ காலிலோ காயம் இருப்பின் சேற்றில் இறங்காதீர்கள். எலியின் சிறுநீரால் மாசடைந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சற் கிருமி காயத்தின் வழியே உடலிற் புகும். பின்னர் காய்ச்சலும் தசைநோவும் கண்டால், தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று, வயற்சேற்றில் இறங்கியதையும் கூறுங்கள். இந்நோய் உயிரைப் பறிக்கவல்லது.

4. ஒரு குளத்து உயிர்மீனை இரையாக மற்றொரு குளத்துக்குக் கொண்டுசெல்லாதீர்கள். எஞ்சிய மீனை நீரில் விடுதலும் தவறு. அந்நிய மீனும் நோயும் இவ்வழியாகப் பரவினால் பின்னர் அகற்றுதல் அரிது.

5. பெண் திலாப்பியா முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காக்கும். விராலோ தன் குஞ்சுக் கூட்டத்தின் அருகே காவல் நிற்கும்; அப்போது அருகில் வரும் எதனையும் தாக்குமாதலால் எளிதில் அகப்படும். அதனைப் பிடித்தால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். இத்தகைய தாய்மீன் அகப்பட்டால், உடனே கொளுக்கியைக் கழற்றி நீரில் விட்டுவிடுங்கள்.

விதைநெல்லை உண்டு முடிக்கும் கமக்காரர் இல்லை. குஞ்சு காக்கும் மீனும் குளத்தின் விதைநெல்லே. தேவைக்கு மட்டும் பிடித்து, ஏற்ற இரையை அறிந்து இட்டால், குளம் அடுத்த போகத்திலும் மீன் தரும்.