வெற்றிலை நீட்டும் எலோகேசி

வாரப் பத்திரிகைகளில் கொலை வழக்குத் தொடர்களுக்குப் படம் போட்டுப் பிழைத்தவன் நான். "ரத்தம் கொஞ்சமா இருக்கட்டும், பொண்ணு முகம் நல்லா தெரியணும்" என்பார் ஆசிரியர். அதனால் பழைய கொலைப் படம் எதைப் பார்த்தாலும், விற்பனைக்காக வரைந்தவன் எதையெல்லாம் விட்டுவிட்டான் என்றுதான் என் கண் துழாவும்.

வங்காளத்தின் எலோகேசி வழக்குப் படங்களை எடுத்துக்கொள்வோம். எலோகேசிக்கு வயது 16. தாரகேஸ்வரில் பெற்றோர் வீட்டில் இருந்தாள். கணவர் நபீனுக்குக் கல்கத்தாவில் ராணுவ அச்சகத்தில் வேலை. அவ்வூர்க் கோயிலின் தலைமைக் குருவான மகந்த் மாதவ்கிரியோடு அவளுக்குத் தொடர்பு என்று ஊரில் பேச்சு. 1873 மே 27 அன்று நபீன் அவளை மீன் நறுக்கும் அரிவாள்மனையால் கழுத்தறுத்துக் கொன்றார். தாமே போலீசில் போய் ஒப்புக்கொண்டார்.

வழக்கு நடக்க நடக்க, கல்கத்தாவின் பட்டலா வட்டார அச்சுக்கூடங்கள் அதன் காட்சிகளை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தன. அதே நகரின் காளிகட் கோயில் பக்கத்துப் படக்காரர்கள் வரைந்து தள்ளினார்கள். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கொலைப் படத்தில் நபீன் வாரிவிட்ட தலை, மடிப்புக் கலையாத வேட்டி என்று மாப்பிள்ளை மாதிரி நின்று அரிவாள்மனையை ஓங்குகிறார். பின்னணி வெறும் தாள். வீடு இல்லை, அக்கம்பக்கத்தார் இல்லை. இன்னொன்றில் எலோகேசி மகந்துக்கு வெற்றிலை நீட்டுகிறாள். வங்காளமானாலும் நம்மூரானாலும் வெற்றிலை கொடுத்தால் என்ன அர்த்தம் என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. அவள் இசைந்தாள் என்று முடிந்தது தீர்ப்பு.

பிள்ளை வரத்துக்கு மருந்து என்று அவளை மகந்திடம் அனுப்பியதே பெற்றோர்தான், அங்கே பலாத்காரம் நடந்தது என்றும் அன்றைக்கே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுக்கு வெற்றிலைப் படத்தில் இடமில்லை.

சட்டமும் அவளைக் கேட்கவில்லை. மகந்த் மீது நிரூபணமான குற்றம் பிறன்மனை சேர்தல். அன்றைய சட்டப்படி பாதிக்கப்பட்டவர் கணவர். 3 ஆண்டு கடுங்காவல், 2,000 ரூபாய் அபராதம். நபீனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஜூரிகள் விடுவிக்கச் சொன்னார்கள். அதை ஏற்காமல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. மனுக்கள் குவிந்தன, 1875இல் வெளியே வந்தார்.

எலோகேசி பெயர் பொறித்த சேலை, வெற்றிலைப் பெட்டி, ஏன், அரிவாள்மனைகூட விற்பனைக்கு வந்தது! சிறையில் செக்கு இழுத்த மகந்தையும் படம் போட்டு விற்றார்கள்.

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இந்த வழக்கின் காளிகட் படங்கள் இருக்கின்றன. அச்சிலோ திரையிலோ பார்க்கக் கிடைத்தால், கொலைப் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பெண் மீது பழி சுமத்தியது வெற்றிலைப் படம்தான். அதைத்தான் நின்று பார்க்க வேண்டும்.