நோய் நீங்கியும் நீங்காத அயர்வு

உழைத்தவன் களைப்பதும், உறங்கி எழுந்தபின் அக்களைப்பு நீங்குவதும் உலகியற்கை. ஆதலின் அயர்வுக்கு மருந்து ஓய்வே என்று நாம் எல்லோரும் நம்பியிருக்கின்றோம். இந்நம்பிக்கை பொய்த்துப்போகும் இடமும் ஒன்றுண்டு. புற்றுநோயினின்றும் பிழைத்தவருட் பலர், நோயின் சுவடும் இல்லையென்று வைத்தியர் கூறி ஆண்டுகள் பல சென்ற பின்னரும், தீராததோர் அயர்வினால் வருந்துகின்றனர். அதன் இயல்பை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

இவ்வயர்வு சாதாரணக் களைப்பினின்றும் வேறானது. செய்த வேலையின் அளவுக்கு இது பொருந்துவதில்லை. இரவு முழுதும் உறங்கினும் தீர்வதில்லை. மாடிப்படி ஏறுதல், கடிதம் ஒன்று எழுதுதல் முதலிய சிறு செயல்களும் மலையெனத் தோன்றும். உடம்போடு உள்ளமும் தளரும். படித்த பக்கத்தையே மீண்டும் படிக்க நேரும். பழகிய பெயரும் நாவில் வாராது.

இது வெறுங் கற்பனையென்று கருதுவார்க்கு நார்வே தேசத்து ஆராய்ச்சி ஒன்று தக்க விடையாகும். நிணநீர்க் கணுக்களைப் பற்றும் ஹாட்ஜ்கின் நோய்க்கு ஆஸ்லோ நகரத்து ரேடியம் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர்களை ஆராய்ந்து, 1999-ஆம் ஆண்டில் அறிஞர் தம் முடிவை வெளியிட்டனர். நோய் கண்டு பல ஆண்டுகள் கழிந்திருந்தும், ஆறு மாதங்களுக்குக் குறையாது நீடித்த அயர்வு அவர்களுள் நூற்றுக்கு 26 பேரிடம் இருந்தது. அந்நாட்டுப் பொதுமக்களிடையேயோ நூற்றுக்கு 11 பேரிடமே இருந்தது.

இதற்குக் காரணம் யாது? ஒன்றேயென்று அறுதியிட்டுக் கூறுதல் இயலாது. நோயும் சிகிச்சையும் எழுப்பிய அழற்சி சிலருடைய உடம்பில் முற்றும் தணியாது நிற்பதும், அதனால் உண்டாகும் ரசாயனப் பொருள்கள் மூளையைத் தாக்கி அயர்வுணர்ச்சியைத் தருவதும் ஒரு காரணமென ஆராய்வோர் கருதுகின்றனர். கழுத்திலே கதிர்ச் சிகிச்சை பெற்றவர்க்குப் பல ஆண்டுகளுக்குப் பின் தைராய்டுச் சுரப்பியின் தொழில் குன்றுதலும் உண்டு. இருதயமும் நுரையீரலும் பழுதுறுதல், இரத்தக்குறைவு, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியனவும் அயர்வை வளர்க்கும். இவற்றுட் சில எளிதிலே தீர்க்கத்தக்கன. ஆதலின், "எல்லாம் வயதின் கோளாறு" என்று வாளாவிராமல், வைத்தியரிடம் கூறிப் பரிசோதித்துக்கொள்ளுதல் முதற் கடமையாம்.

அத்தகைய குறைகள் இல்லாதவிடத்தும் கைவிடுதற்கில்லை. படுக்கையே கதியென்று கிடத்தல் தசைகளை மெலிவித்து அயர்வை மிகுவிக்கும். 113 ஆராய்ச்சிகளை ஒருங்கே சீர்தூக்கி 2017-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் வெளியிட்ட முடிவு, மருந்துகளினும் தேகப்பயிற்சியும் உளச் சிகிச்சையும் மிக்க பயன் தருவன என்பதாம். சிறிது தூரம் நடத்தலிலே தொடங்கி, வலிமைக்கேற்ப மெல்ல மெல்லக் கூட்டுதல் வேண்டும். உடம்பு தெளிவாயிருக்கும் வேளையை இன்றியமையாத வேலைக்கு ஒதுக்குதலும் நன்று.

இனி, பிழைத்தவரை வருத்துவது அயர்வு மட்டுமன்று. சுற்றியிருப்போர் சொல்லும் சொல்லுமாம். உதிர்ந்த மயிர் வளர்ந்துவிட்டது, முகமும் தெளிந்துவிட்டது என்று கண்டு, "நோய்தான் போய்விட்டதே, இன்னும் என்ன?" என்று நாம் கேட்கின்றோம். அதனைப் பலகாற் கேட்டவர் தம்மைத் தாமே சோம்பரென்று எண்ணத் தலைப்பட்டு, தம் துன்பத்தை வைத்தியரிடமும் மறைக்கின்றனர். தீரக்கூடிய குறையும் அதனால் தீராது நின்றுவிடுகின்றது.

நம் வகுப்பிலோ, ஆசிரியரிடையிலோ, இல்லத்திலோ அத்தகையார் ஒருவர் இருத்தல் கூடும். மாடியறைக்குப் பதிலாகக் கீழறை ஒன்றை அவர்க்கு விட்டுக்கொடுத்தலும், தவறிய பாடத்தின் குறிப்பைக் கேளாமுன்னரே அளித்தலும் நம்மால் ஆகாதன அல்ல. அவற்றினும் எளியது, சோம்பல் என்னும் சொல்லை நம் நாவினின்றும் நீக்குதலே. அதனை இன்றே செய்வோமாக.