கவுண்டருக்குப் பின்னால் நிற்பவரைத்தான் சட்டம் முதலில் பார்க்கிறது

கடந்த மார்கழியில் ஒருநாள் அதிகாலை 2 மணிக்கு வட்ஸ்அப் அழைப்பு வந்தது. லண்டனில் அப்போது இரவு 8.30. அழைத்தது சித்தியின் மகன். அந்த நேரத்தில் வெளிநாட்டு அழைப்பு என்றால் எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் நெஞ்சு பதறும். எனக்கும் பதறியது.

"அக்கா, எனக்கு 90 பவுண்ஸ் எழுதிப்போட்டாங்கள். விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமோ?"

2009 இல் மெனிக் முகாமில் இருந்தபோது அவனுக்கு எட்டு வயது. இப்போது படிப்பு விசாவில் போய், வார இறுதியில் தமிழர் ஒருவரின் ஓஃப் லைசென்ஸ் கடையில் நிற்கிறான். ஓஃப் லைசென்ஸ் என்றால் மதுவை வாங்கி வெளியே கொண்டுபோகும் கடை. லண்டனில் எங்கள் ஆட்கள் நடத்தும் சிறு கடைகளில் கணிசமானவை அந்த வகைதான். அன்று மாலை ஓர் உயரமான பெண்பிள்ளை இரண்டு சைடர் கான் எடுத்து வந்து டில்லில் வைத்திருக்கிறாள். இவன் அடித்து, காசை வாங்கி, மிச்சத்தைக் கொடுத்திருக்கிறான். அவள் வெளியே போன கையோடு ஒரு பொலிஸ் உத்தியோகத்தரும் வர்த்தகத் தராதர அதிகாரி ஒருவரும் உள்ளே வந்தார்கள். பிள்ளைக்கு வயது 16. அவர்களே அனுப்பிய பிள்ளை.

"பார்க்க இருபது போல இருந்தாளக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வயது கேட்டாயா என்றேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லியிருப்பாள். இப்படிச் சோதனைக் கொள்வனவுக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் வயதைக் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதே அங்கே வழமையான நடைமுறை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் 90 பவுண்ஸ் மிஞ்சியிருக்கும்.

அடுத்த நாட்களில் அவனுக்காக அந்தச் சட்டத்தைத் தேடி வாசித்தேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்குரியது 2003 ஆம் ஆண்டின் அனுமதிப்பத்திரச் சட்டம். எங்கள் பெடியள் பலர் நினைப்பதுபோல, 'லைசென்ஸ் முதலாளியின் பெயரில் இருக்கிறது, பிழை என்றால் அவருக்குத்தானே' என்று அதில் இல்லை. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்றால் குற்றம் விற்றவருடையது. வழக்கு நீதிமன்றம் போனால் தண்டப்பணத்துக்கு உச்ச வரம்பு இல்லை. இவனுக்குக் கிடைத்தது 90 பவுண்ஸ் தண்டச் சீட்டு. அதைக் காலத்துக்குள் கட்டினால் குற்றத்தீர்ப்பு ஆகாது. விசா விண்ணப்பத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பதைச் சட்டத்தரணியிடம் கேள் என்றேன். கடையில் நிற்கும் மற்றப் பெடியளிடம் கேட்காதே என்றும் சொன்னேன். அவர்களுடைய ஆலோசனையில்தான் அவன் வயதே கேட்காமல் விற்றுக்கொண்டிருந்தான்.

சட்டம் விற்பவருக்குத் தப்ப ஒரு வழியும் வைத்திருக்கிறது. வாங்குபவர் 18 ஆனவர் என்று நம்பினேன், வயதை உறுதிப்படுத்த நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்தேன் என்று காட்டினால் அது எதிர்வாதம். நியாயமான நடவடிக்கை என்பதன் பொருள், வயதுக்கு ஆதாரம் கேட்பது. அந்த ஆதாரமும் சாதாரண அறிவுள்ள ஒருவரை நம்பவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கடைகளில் 'சலென்ஜ் 25' என்று ஒட்டியிருப்பது இதற்காகத்தான். 18 தான் எல்லை, ஆனால் 25 க்குக் குறைவாகத் தெரிகிற எல்லாரிடமும் அடையாள அட்டை கேள் என்பது அதன் அர்த்தம். முகத்தைப் பார்த்து வயது சொல்வதில் மனிதர்கள் மோசம். அந்த ஏழு வருட இடைவெளி எங்கள் கணிப்புப் பிழைக்காக விடப்பட்டது. என் தம்பி அந்த ஸ்டிக்கருக்குக் கீழேயே நின்றுகொண்டுதான் விற்றான். அதன் பொருளை ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. "இருபது போலத் தெரிஞ்சாக் குடு" என்பதுதான் அவனுக்குக் கிடைத்த முழுப் பயிற்சி.

முதலாளிக்கு ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். ஒரே கடையில் மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை இப்படி விற்கப்பட்டால் அது அனுமதிப்பத்திரக்காரர் மீதான தனிக் குற்றம். வழக்குக்குப் பதிலாகக் குறைந்தது 48 மணி நேரம், கூடினால் 336 மணி நேரம் மது விற்பனையை நிறுத்தவும் முடியும். விசாவில் வேலை செய்ய உரிமையில்லாத ஒருவரை டில்லில் நிறுத்தினால் அது இன்னொரு கதை. 2024 மாசியிலிருந்து அதற்கான தண்டம் முதல் தடவையிலேயே ஓர் ஆளுக்கு 45,000 பவுண்ஸ் வரை போகும். 'சொந்தக்காரப் பெடியன், சும்மா உதவிக்கு நிற்கிறான்' என்பதும் கைகொடுக்காது. வெறியில் நிற்பவருக்கு விற்பதைத் தடுக்கும் பிரிவு, சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் என்றே எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வளவையும் வாசித்து முடித்த பிறகுதான் எனக்கு எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. இங்கே கவுண்டரில் நிற்கிற பெடியனுக்கு என்ன தெரியும்?

2024 ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அந்த ஆண்டு மார்கழியில் நாடாளுமன்றத்தில் வெளியானது. அதில் 32 வடமாகாணத்துக்கு. யார் சிபாரிசு செய்தார்கள், எந்த அரசியல்வாதி வாங்கிக் கொடுத்தார் என்று நாங்கள் எல்லோரும் எழுதினோம், நானும் எழுதினேன். அந்தக் கடைகளில் யார் வேலைக்கு நிற்கப்போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு மதுபானசாலையில் வேலை செய்யும் 22 வயது இளைஞனைத் தேநீர்க் கடையில் வைத்துச் சந்தித்தேன். போயா தினங்களில் பூட்ட வேண்டும், ஐப்பசி 3 மதுஒழிப்புத் தினத்தில் பூட்ட வேண்டும், மதுவரித் திணைக்களத்தார் வந்தால் முதலாளிக்குக் கோல் எடுக்க வேண்டும். இவ்வளவும் அவனுக்குத் தெரியும். எத்தனை வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது என்று கேட்டேன். "பதினெட்டுத்தானே அக்கா?"

இல்லை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் சொல்வது 21. வாக்களிக்க 18, திருமணம் செய்ய 18. ஆகவே மதுவுக்கும் அதுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சட்டமும் 'ஆள் எவரும்' விற்கக்கூடாது என்றுதான் சொல்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமானால் 50,000 ரூபா வரை தண்டம், ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். நான் இதைச் சொன்னபோது அவன் தேநீரைக் கீழே வைத்தான். "நானோ? முதலாளி இல்லையோ?"

வயதைக் கண்டுபிடிக்க அவனிடம் லண்டன்காரரை விட இலகுவான வழி ஒன்று இருக்கிறது. எங்கள் தேசிய அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த ஆண்டு உள்ளது. புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் ஆண்டு. பழைய அட்டையில் முதல் இரண்டு. அடுத்த மூன்று இலக்கமும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதனோடு 500 கூட்டியிருக்கும். 2005 இல் தொடங்கும் அட்டைக்காரர் 2026 இல்தான் 21 ஐத் தொடுகிறார், அதுவும் பிறந்தநாள் வந்த பிறகு. சோதனைச் சாவடிகளில் எங்கள் அட்டைகளை எத்தனை பேர் எத்தனை தடவை பிடித்துப் பார்த்திருப்பார்கள்! அதே அட்டையை நாங்கள் இன்னொருவரிடம் கேட்பதற்கு மட்டும் கூச்சப்படுகிறோம்.

வயது விடயம் இவ்வளவுதான், கணக்கு. கஷ்டம் வெறியில் வருபவர்.

'வெறி' என்பதற்குப் பிரித்தானியச் சட்டத்தில் வரைவிலக்கணம் இல்லை. விற்பவர் பார்த்து முடிவெடுக்க வேண்டும், தெரிந்துகொண்டே விற்றால் 1,000 பவுண்ஸ் வரை தண்டம். தள்ளாட்டம், நாக்குப் புரளுதல், சிவந்த கண், காசை எண்ண முடியாமை என்று பயிற்சியில் அடையாளங்கள் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் வன்னியில் அந்தப் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றால் பாதிச் சனத்தை வெறிகாரர் என்றுதான் சொல்ல வேண்டிவரும். செயற்கைக் கால் சரியாகப் பொருந்தாமல் தள்ளாடுபவர் இருக்கிறார். தலையில் ஷெல் துண்டோடு வாழ்பவருக்குப் பேச்சு இழுபடும். காது கேளாதவர் உரத்துக் கத்துவார். மனநல மருந்து எடுப்பவரின் கண் சொருகியிருக்கும். வெளிநாட்டுப் பயிற்சிகளிலும் உடற்குறையை வெறியென்று எடுக்காதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள். எங்களுக்கு அது ஒவ்வொரு நாளும் நடக்கிற விடயம்.

அந்த இளைஞன் இதற்குச் சொன்ன பதில் எந்தப் பயிற்சிப் புத்தகத்துக்கும் குறைந்ததல்ல. "நான் நடையைப் பார்க்கிறேல்ல அக்கா. நேற்றைக்கு எப்பிடி நடந்தவர், இண்டைக்கு எப்பிடி நடக்கிறார் எண்டுதான் பார்ப்பன்." ஒரே ஓர் அடையாளத்தில் முடிவெடுக்காமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்ப்பது, வழமையிலிருந்து வந்த மாற்றத்தைப் பார்ப்பது, இரண்டு வார்த்தை பேசி மூச்சின் மணத்தையும் பதிலின் ஒழுங்கையும் கவனிப்பது. தெரிந்த முகங்களே வந்துபோகும் ஊர்க் கடையில் இது சாத்தியம்.

சாத்தியம் என்பதற்காக இலகு என்று சொல்லவில்லை. அவன் ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னான். காலையில் கடை திறக்க முன்னரே வாசலில் இருப்பார். 2009 மேயில் மூன்று பிள்ளைகளையும் இழந்தவர். அரைப் போத்தல் சாராயம் வாங்கிக்கொண்டு போவார், பின்னேரம் திரும்ப வருவார். "இல்லை ஐயா எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. அவற்றை கதை எனக்குத் தெரியும். ஒருநாள் குடுத்தனான், இரவு ரோட்டில விழுந்து கிடந்தவர். வாகனம் அடிக்காதது அவற்றை புண்ணியம்." கடைக்கு அனுமதிப்பத்திர நிபந்தனைகள் உண்டு. அவனுக்கு அவற்றை ஒருவரும் வாசிக்கக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று அதில் எழுதியிருக்காது.

எப்படிச் சொல்வது என்று லண்டன் தம்பி இப்போது கற்றுக்கொண்டிருக்கிறான். தண்டத்துக்குப் பிறகு முதலாளி அவனை ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். 'நீங்கள் குடித்திருக்கிறீர்கள்' என்ற வசனத்தை வாயில் எடுக்கவே கூடாதாம். அது சண்டைக்கு அழைப்பு. 'இப்ப தந்தால் எனக்கு வேலை போகும், நாளைக்கு வாங்கோ' என்று பழியைத் தன் பக்கம் எடுத்துச் சொல்ல வேண்டும். குரலைத் தாழ்த்த வேண்டும். கூட்டாளிகள் பார்க்கச் சொல்லக்கூடாது. முக்கியமாக, காசு கை மாற முன்னர் சொல்ல வேண்டும். காசை வாங்கிய பிறகு மறுப்பது பறித்ததுபோல் ஆகிவிடும். மேசையில் பரிமாறும் இடமென்றால் தண்ணீரும் சாப்பாடும் முதலில் போக வேண்டும், அடுத்த கிளாஸ் மெதுவாக வர வேண்டும். தேசிக்காய்ச் சாறும் கோப்பியும் குளிப்பும் வெறியை இறக்காது, ஈரலுக்கு நேரம் மட்டும்தான் தேவை. மோட்டார் சைக்கிள் திறப்பு கையில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார்களாம். இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் என்ற சாரதி எல்லை இங்கிலாந்திலும் இலங்கையிலும் ஒன்றுதான்.

மறுத்ததும் ஒரு கொப்பியில் திகதி, நேரம், என்ன கேட்டார், ஏன் மறுத்தேன், யார் நின்றது என்று எழுதுகிறார்கள். மறுப்புப் பதிவேடு. பல கடைகளில் அது அனுமதிப்பத்திர நிபந்தனை. அடுத்த தடவை அதிகாரி வரும்போது பெடியனுக்காகப் பேசப்போவது அந்தக் கொப்பிதான்.

இதையெல்லாம் கிளிநொச்சிப் பெடியனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொப்பி யோசனை அவனுக்குப் பிடித்தது. 80 பக்கக் கொப்பி வாங்கினால் போதுமோ என்று கேட்டான். பிறகு, "குடுக்காட்டி அடிக்க வந்தால்?" என்றான். பொலிஸுக்கு 119, மதுவரித் திணைக்களத்துக்கு 1913 என்று சொன்னேன். முதலாளியின் இலக்கத்துக்கு மேலே அவற்றை எழுதி வைக்கச் சொன்னேன்.

"ஐயாவுக்கு என்ன சொல்லுறதக்கா?"

பின்னேரம் அவர் வரும்போது முதலில் சாப்பிட்டாரா என்று கேட்டுப் பார் என்றேன். இரண்டு நாள் கழித்து அவனே எடுத்தான். ஐயா சாப்பிடவில்லையாம். பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதைச் சாப்பிட்டுவிட்டு, அரை மணித்தியாலம் இருந்துவிட்டு, சாராயத்தையும் கேட்டாராம்.

"நாளைக்கு வாங்கோ எண்டனான். பேசிப்போட்டுப் போட்டார்."

கொப்பியில் எழுதினாயா என்றேன். எழுதியிருந்தான். திகதி, 5.40, அரைப் போத்தல். ஏன் மறுத்தேன் என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தான்.