உங்களுக்குத் தெரியுமா? - எழுத்தில் பிறந்த உருவங்கள்

★ புவனகிரியில் பஸ் ஏறி வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டினால் சிதம்பரம். நடராஜர் கோயில் கோபுர வாசல்களில் உள்ள 108 கரணச் (நடன நிலை) சிற்பங்களைப் பார்க்காதவர் குறைவு. ஆனால் கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் சிற்பத்துக்கு மேலே பொடி எழுத்தில் இருப்பதைப் படித்திருக்கிறீர்களா? நாட்டிய சாஸ்திர சுலோகங்கள், கிரந்த எழுத்தில்! கை எப்படி, கால் எப்படி என்று மேலே சொல். கீழே அதே நிலையில் கல். வேலை முடிந்ததும் குறிப்பைத் தூக்கிப் போடுவதுதான் உலக வழக்கம். இங்கே குறிப்பையும் சேர்த்தே வெட்டிவிட்டார்கள். எந்தச் சிற்பம் எந்தக் கரணம் என்று பிற்கால ஆய்வாளர்கள் அடையாளம் கண்டது இந்த வரிகளை வைத்துத்தான்.

★ அதே கோயிலின் வடக்குக் கோபுரத்தில் சிற்பிகளின் உருவங்களே பெயரோடு இருக்கின்றன. ஒருவர் விருத்தகிரி கேசவப்பெருமாள். விருத்தகிரி என்றால் நம்ம விருத்தாசலம்தான்!

★ புவனகிரி, பட்டுக்குப் பேர் பெற்ற ஊர். ஜக்கார்டு தறியில் மயிலோ மாங்காயோ நேராகச் சேலையில் ஏறிவிடாது. முதலில் கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாகக் குறிக்க வேண்டும். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள். ஓட்டை இருந்தால் பாவு நூல் மேலே எழும்பும். இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். குறுக்கே ஓடும் ஓர் ஊடை நூலுக்கு ஓர் அட்டை. ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்கு மூக்கு கோணல்!

★ கன்னியாகுமரி வள்ளுவர் சிலையின் அளவே குறளிலிருந்து வந்ததுதான். அறத்துப்பால் 38 அதிகாரம், பீடம் 38 அடி. பொருளும் இன்பமும் 95 அதிகாரம், சிலை 95 அடி. கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பு. 2000 ஜனவரி 1-ல் திறப்பு.

★ ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963-ல் எழுத்தையே ஓவியமாக்கத் தொடங்கினார். 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை அப்படி வந்தது.

★ கோலத்துக்கும் இலக்கணம் உண்டு! சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் குழுவினரும் 1970-களில் கோலங்களைக் கணினி அறிவியல் விதிகளாக எழுதிக் காட்டினார்கள். அதற்கு வெகு முன்பே நம் அம்மாக்கள் 'நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி, 15-லிருந்து 8' என்று கோல நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்!